புத்துச் செல்லும் நிலைக்காலும்

ஜூன் 12

இன்றைக்கு என் மானம் போனது. முழுசாகப் போகவில்லை, ஒரு நிலைக்கால் அளவுக்குப் போனது.

நான் வேலை பார்க்கிற கல்லூரி, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் இருக்கிறது. லேப்பைக் கூட்டித் துடைப்பதும் பாட்டில் கழுவுவதும் என் வேலை. அங்கே சிவரஞ்சனி என்று ஒரு பிள்ளை டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறது. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். கான்சாபுரத்துப் பிள்ளை. நான் அங்கே சேர்ந்த புதிதில், "இங்க என்ன தாயி செய்யுத?" என்று கேட்டேன். "புற்றுச் செல் வளக்கேன் அக்கா. கொடிவேலி வேர்ல இருந்து ஒரு சத்தப் பிரிச்சு, அதுமேல விட்டுக் கொல்லுதேன்" என்றது.

எனக்கு அதில் புரியாதது ஒன்றுமே இல்லை. புத்து தெரியும். புத்துக் கட்டுகிற செல்லும், அதுதான் கறையான், தெரியும். கதவு, அலமாரி, கல்யாணப் பத்திரிகை என்று ஒன்று விடாமல் அரிக்கிற செல். அதை எதற்கு வளர்க்க வேண்டும், பிறகு எதற்குக் கொல்ல வேண்டும் என்று மட்டும் சின்ன யோசனை. படித்தவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

விட்டதோடு வாயை மூடியிருக்கலாம். தெரு பூராவும் சொன்னேன். எங்க காலேஜ்ல ஒரு பிள்ளை செல்லுக்கு மருந்து கண்டுபிடிச்சிருக்கு, ஒரு சொட்டு விட்டா அம்புட்டும் சாவுது, என்று. பக்கத்து வீட்டு வேலுத்தாய் அதைப் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டு வாசலில் ஒரு நிலைக்காலைச் செல் அரித்து, போன மாதம்தான் எங்க வீட்டுக்காரர் ஆசாரியைக் கூட்டி வந்து, பக்கத்தில் நின்று அறுக்க வைத்தார். அடுத்த காலுக்கும் ஏறிவிடுமோ என்று அவளுக்குப் பயம். அறுத்த துண்டைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு, பஸ் ஏறி, இன்றைக்கு லேப்புக்கே வந்துவிட்டாள். "இந்தச் செல்லுதாம்மா" என்று மேஜைமேல் வைத்தாள்.

சிவரஞ்சனி முகத்தில் மாஸ்க் போட்டிருந்தது. கண் மட்டும்தான் தெரிந்தது. சிரிப்பை அடக்கி அடக்கி அந்தக் கண்ணில் தண்ணீராக ஊற்றியது. ஆனால் எங்களைக் கேலி பண்ணவில்லை. இரண்டு பேரையும் உட்கார வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னது. வெளிச்சத்தில் அரிசிக் குருணையை இறைத்த மாதிரி என்னவோ ஒட்டிக் கிடந்தது. நம் உடம்பே இந்தத் துணுக்குகளால்தான் கட்டியிருக்கிறதாம். அந்தத் துணுக்குக்குப் பெயர் செல். இது தோலில் புற்றுநோய் வந்த யாரோ ஒருவர் உடம்பில் எப்பவோ எடுத்தது, இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது என்றது.

வேலுத்தாய் கடைசிவரை பார்த்துவிட்டு, "அப்ப கதவுக்கு?" என்றாள்.

ஜூன் 13

வேலுத்தாய் என்னோடு பேசவில்லை. கட்டையையும் எடுத்துப் போகவில்லை. லேப் அலமாரிக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறேன்.

ஜூன் 21

இத்தனை நாளும் கூட்டித் துடைத்துக்கொண்டு இருந்தேனே தவிர, அந்தப் பிள்ளை செய்கிற வேலையைப் பார்த்ததே இல்லை. இப்போது பார்க்கிறேன்.

செல்லுக்குத் தீனி உண்டு. ரோஸ் கலரில் ஒரு தண்ணீர். நாள் தவறாமல் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுசு விட வேண்டும். உடம்புச் சூட்டில் வைக்க ஒரு பெட்டி. ஞாயிறு, தீபாவளி எல்லாம் அதற்குக் கிடையாது. கையில் ஸ்பிரிட் தடவித் தடவி அந்தப் பிள்ளைக்கு விரல் நுனியெல்லாம் வெடித்துப் போயிருக்கிறது. பெற்ற பிள்ளைக்குக்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை. என் மகன் விமல் திருப்பூரில் இருந்து போன் பண்ணினால், வேலையாக இருக்கிறேன், பொறவு கூப்பிடு என்கிற ஆள் நான்.

கொடிவேலி வேரிலிருந்து எடுத்த சத்து மஞ்சளாக, ஊசி ஊசியாக இருக்கிறது. பிளம்பாஜின் என்று பெயர். எனக்கு வாயில் நுழையவில்லை. பிளம்பர் என்று வைத்துவிட்டேன். சிவரஞ்சனியும் இப்போது, "அக்கா, பிளம்பர ப்ரிட்ஜ்ல வச்சாச்சா?" என்றுதான் கேட்கிறது.

கொல்வது பெரிய காரியம் இல்லையாம். கெட்ட செல் ஒரு தட்டில், நல்ல தோல் செல் ஒரு தட்டில். இரண்டிலும் பிளம்பரை விட வேண்டும். கெட்டது சாக வேண்டும், நல்லது பிழைத்திருக்க வேண்டும். அதுவும் ஒரு தடவை வந்தால் நம்பக் கூடாது. மூன்று தடவை செய்து மூன்றும் ஒன்றுபோல வர வேண்டும். இரண்டு வந்துவிட்டது. மூன்றாவதும் வந்தால்தான் பெரிய சார் எழுத விடுவார். பெரிய சார் என்றால் சிவரஞ்சனிக்கு வழிகாட்டுகிற பேராசிரியர். வீட்டிலிருந்து கொண்டுவந்த மரநாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். "பையன நேர்ல பாக்காத தாயி, ஒரு துளி எடுத்துத் தட்டுல வச்சுப் பாரு. மூணு தடவ ஒண்ணுபோல இருந்தா சரின்னு சொல்லு" என்றேன். சிரித்ததில் அதன் கை ஆடி, ஒரு பாட்டில் வீணாய்ப் போனது. அந்தப் பெட்டி பக்கத்தில் இனி நான் பேசக் கூடாது என்று உத்தரவு.

ஜூலை 3

எங்க வீட்டுக்காரருக்குக் குதிகாலில் ஒரு கருப்பு. மாசி மாதம் முள் குத்தினது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும், ஆம்பளைக்குப் பொட்டு வைக்க வேற எடம் கெடைக்கலையா என்று கேலி பண்ணிக்கொண்டே இருந்தேன். பெயர் முத்துப்பாண்டி. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறார். நாள் பூராவும் நின்ற காலில் நிற்கிற வேலை.

இன்றைக்குச் செருப்பில் ரத்தம். இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சதையில் ஒரு கிள்ளு எடுத்து மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த டாக்டர் சின்னப் பையன். சிரிக்காமலேயே பேசினார். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஜூலை 11

மெலனோமா.

டாக்டர் அந்தப் பெயரைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் மிரண்டு பார்த்தார். என்ன செய்ய? எனக்குத் தெரிந்த பெயர். லேப்பில் தினமும் கேட்கிற பெயர், தோலில் வருகிற புற்றுக்குப் பெயர். "மெலனோமா தட்டு அக்கா, அதுமேல துணி படாம தொடைங்க" என்று சிவரஞ்சனி சொல்லும். அதே பெயரை இங்கே வந்து இவர் சொல்கிறார், எங்க வீட்டுக்காரர் காலைக் காட்டி.

கருப்பையும் சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும். தொடை இடுக்கில் நெறி கட்டுகிற இடத்திலும் ஒன்றை எடுத்து, பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீக்கிரம் செய்தால் நல்லபடியாக ஆக நிறைய வழி இருக்கிறது, தள்ளிப் போட்டால் உள்ளே போய்விடும் என்றார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் இவர், "வெட்ட வேண்டாம்" என்றார். குதிகாலை வெட்டினால் தறி முன்னால் எப்படி நிற்பது? நான் என்னென்னவோ சொன்னேன். அதற்கு அவர் சொன்னது:

"ஏட்டி, ஒங்க காலேஜ்லதான் இதுக்கு மருந்து இருக்குல்லா. நீதான ஊர் பூராம் சொன்ன? ஒரு சொட்டுன்னு சொன்னியே."

சொன்னேன். நான்தான் சொன்னேன். இது வேற செல்லுன்னு தெரிஞ்ச பொறவும் நிறுத்துனனா? பெருமையா இன்னும் கூடத்தான் சொன்னேன். கேலி பேசிப் பேசி, எதை விளையாட்டுக்குச் சொல்றேன் எதை நெசமாச் சொல்றேன்னு எம் புருசனுக்கே தெரியாமப் போச்சு.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

காலையில் மாரியம்மன் கோயில் புத்துக்குப் பால் ஊற்றினேன். முட்டையும் வைத்தேன். உள்ளே இருப்பது நாகமோ செல்லோ, யாராக இருந்தாலும் எங்க வீட்டுக்காரரை விட்டுவிடு என்று கேட்டுக்கொண்டேன்.

பிறகு லேப்புக்குப் போய் சிவரஞ்சனியிடம் விஷயத்தைச் சொன்னேன். உடனே ஆபரேஷன் எப்போது என்று கேட்டது. அவர் மாட்டேன் என்கிறார், ஒரு சொட்டு பிளம்பர் கொடு தாயி, என்றேன்.

"முடியாதுக்கா. அது மருந்து இல்ல."

எனக்குச் சுருக்கென்று வந்தது. இத்தன நாளும் மருந்து மருந்துன்னு சொன்னது யாரு, என்று கேட்டுவிட்டேன்.

"நான் ஒரு நாளும் சொல்லலக்கா. சத்துன்னுதான் சொன்னேன். மருந்துன்னு சொன்னது நீங்க."

யோசித்துப் பார்த்தால் நிஜம். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆனால் அப்போது அது நிஜமென்று ஒத்துக்கொள்கிற நிலையில் நான் இல்லை. வாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டுதான கேட்டேன். அம்புட்டு வருசம் அது எச்சத் தட்டக் கழுவியிருக்கேன்.

ஜூலை 20

எனக்கு அந்தச் சொட்டு கிடைக்காது என்று தெரிந்ததும் இவரே கிளம்பிவிட்டார். அய்யனார் கோயில் பக்கம் போய்க் கொடிவேலி வேரைத் தோண்டி, அரைத்து, குதிகாலில் வைத்து, தறியில் இருந்து கொண்டுவந்த துணியால் கட்டிக்கொண்டு, வலிக்க வலிக்க உட்கார்ந்திருக்கிறார். வலித்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். அவிழ்த்துப் பார்த்தால் சுற்றிலும் வெந்த மாதிரி கொப்புளம். கருப்பு அப்படியே இருக்கிறது.

கழுவிவிட்டு சிவரஞ்சனிக்குப் போன் போட்டேன். கோபித்துக்கொண்டு வந்த ஆள் நான். அது முதல் மணியிலேயே எடுத்தது.

ஜூலை 21

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

காலையில் வாசலில் சிவரஞ்சனி. கான்சாபுரத்தில் இருந்து நேராக எங்கள் வீட்டுக்கு. இன்றைக்கு மூன்றாவது தடவைத் தட்டை எடுத்துப் பார்க்க வேண்டிய நாள். அது எனக்குத் தெரியும். லேப்புக்குப் போகலையா என்றேன். "போகலாம்க்கா" என்று உள்ளே வந்தது.

முதலில் கொப்புளத்தைப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் காட்டி மருந்து போட்டே ஆக வேண்டும் என்றது. பிறகு தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தது.

"அண்ணாச்சி, என் சத்து தட்டுல கெடக்க செல்லத்தான் கொல்லுது. அந்தத் தட்டுல சோப்புத் தண்ணி ஊத்துனாலும் செல்லு சாவும், வினிகர் ஊத்துனாலும் சாவும். தட்டுக்கு ரத்தம் கெடையாது, ஈரல் கெடையாது, வலி கெடையாது. மனுசனுக்கு இது மருந்தாவுமான்னு எனக்கே தெரியாது. ஆகணும்னா இன்னும் எம்புட்டோ பேரு எம்புட்டோ வருசம் பாக்கணும். ஆகாமயும் போவும்."

இவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நீ பாடுபடுறது எல்லாம் வீணா ஆத்தா?"

"வீணில்ல அண்ணாச்சி. ஆனா ஒங்க காலுக்கு ஒதவாது. ஒங்க காலுக்கு இன்னைக்கு இருக்கது டாக்டர் கையில உள்ள கத்திதான்."

ஒரு பிள்ளை, தான் இராப்பகல் பாராமல் செய்த வேலையைச் சோப்புத் தண்ணீரோடு சேர்த்துச் சொல்கிறது. எதற்கு? யாரோ ஒரு தறிக்காரர் காலுக்காக. அவர் முன்னால் ஒரு தரம்கூட அது தன் வேலையைப் பெரிதாகப் பேசவில்லை. நான் அடுப்பங்கரைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் அப்போதும் அசையவில்லை. வெட்டின கால் வெட்டின கால்தான் என்றார்.

அந்த நேரம் பார்த்து வேலுத்தாய் வந்தாள். என்னோடு இன்னும் பேச்சு இல்லை. வாசலிலேயே நின்று சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"யண்ணே, எம் வீட்டு நிலைக்கால செல்லு அரிச்சப்போ ஆசாரியக் கூட்டியாந்தது நீருதான? 'அரிச்ச மட்டும் அறுத்துருங்க, கூட நாலு விரக்கடை நல்ல கட்டையும் சேத்து அறுங்க, விட்டா உத்தரத்துக்கு ஏறிரும்'னு சொன்னது யாரு, எம் மாமனாரா? நான் அன்னைக்கு நிலைய அறுக்காதீகன்னு அழுதேன். இப்பப் பாரும், நிலை நிக்கி, கதவு நிக்கி, வீடு நிக்கி. ஒமக்கு ஒரு நியாயம், எம் வீட்டுக் கதவுக்கு ஒரு நியாயமா?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இவர் எழுந்து, நொண்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். வேலுத்தாய் வீட்டு நிலைக்காலைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். புதுக் கட்டை பழைய கட்டையோடு சேர்ந்த இடத்தில் பெயிண்டு நிறம் மட்டும்தான் வேறு. திரும்பி வந்து, சிவரஞ்சனியிடம்தான் கேட்டார், என்னிடம் இல்லை:

"நாலு விரக்கடைன்னு டாக்டருக்குத் தெரியுமாத்தா?"

"அவியளுக்கு அளவு தெரியும் அண்ணாச்சி."

"அப்பச் சரி."

ஜூலை 23

சிவரஞ்சனியின் மூன்றாவது தடவை போச்சு. அன்றைக்குப் பார்க்க வேண்டிய தட்டை எங்கள் வீட்டில் இருந்துவிட்டுச் சாயந்திரம்தான் பார்த்திருக்கிறது. பார்த்தவரைக்கும் கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறதாம். ஆனாலும் நேரம் தப்பியது என்று கொட்டிவிட்டது. திரும்பவும் முதலில் இருந்து.

யாருக்குத் தெரியப் போகிறது, எழுதிவிட வேண்டியதுதானே என்றேன். "எனக்குத் தெரியும்லக்கா" என்றது. அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பெரிய சார் நாற்காலியில் உட்கார்ந்தபடி நிறையப் பேசினார். எங்கள் வீட்டுக்கு வந்ததைச் சொல்லியிருந்தால் அவர் சும்மா இருந்திருப்பார். சொல்லவில்லை.

எச்சத் தட்டு என்று எழுதினேனே. அடித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

ஜூலை 28, ஆடிப்பூரம்

ஆண்டாள் தேர் இன்றைக்கு. எல்லா வருஷமும் தேர் பார்த்துவிட்டுப் பால்கோவாவோடு வருவோம். இந்த வருஷம் மதுரை ஆஸ்பத்திரி வராந்தா. நாளைக்கு ஆபரேஷன். "தேர் நிலைக்கு வந்துருக்குமா?" என்று இவர் மூன்று தடவை கேட்டார்.

ஆகஸ்ட் 4

ஆபரேஷன் முடிந்தது. வெட்டின இடத்தை மூடத் தொடையில் இருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இனி இவர் நடந்தால் தன் தொடையைத் தானே மிதித்து நடக்கிற கணக்கு என்றேன். சிரித்தார். பல நாள் கழித்துச் சிரிப்பு.

நர்ஸ் கட்டுப் போடும்போது வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே அந்தத் துணியை விரலால் தடவிப் பார்க்கிறார். "நம்ம ஊருத் துணிதான். ஆனா பாவு நூலு தளந்திருக்கு. எந்தத் தறிக்காரன்னு தெரியல" என்று நர்ஸிடம் புகார். அந்தப் பெண் கட்டை முடித்துவிட்டு, அடுத்த தடவை இறுக்கமானதாகப் பார்த்துக் கொண்டுவருவதாகச் சொன்னது.

ஆகஸ்ட் 22

வெட்டி எடுத்ததன் ரிசல்ட் வந்தது. ஓரம் எல்லாம் சுத்தம். நெறிக்கும் போகவில்லை. அடிக்கடி வந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்தே சிவரஞ்சனிக்குச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. செல்லுக்குச் சளி பிடிச்சிருச்சா என்று கேட்டேன்.

வேலுத்தாய் மீன்குழம்பு கொடுத்துவிட்டாள். பேச்சு இன்னும் சுவரோடுதான்.

செப்டம்பர் 26

வந்துவிட்டது! மூன்றும் ஒன்றுபோல.

சிவரஞ்சனி என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டியது. கெட்ட தட்டில் குருணை எல்லாம் சுருங்கி உருண்டு கிடந்தது. நல்ல தட்டில் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு இருந்தது. "பெரும்பாலும்தான்க்கா. அளவு கூடுனா நல்லதும் சாவுது. அதையும் எழுதணும்" என்றது. நான் என்றால் அதை எழுத மாட்டேன். அதனால்தான் நான் பாட்டில் கழுவுகிறேன், அது டாக்டர் ஆகிறது.

இந்தத் தடவை தெருவில் என்ன சொல்வது என்று கேட்டு, மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன். "தட்டுல வேலை செய்யுது. மனுசனுக்கு இன்னும் பாக்கல. கட்டி, கருப்புன்னா ஆஸ்பத்திரிக்குப் போ." பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் முதலில் சொல்லிப் பழகினேன். அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

அக்டோபர் 16

இன்றைக்குச் சிவரஞ்சனி எழுதினதைப் பெரிய சார் முழுசாகப் படித்து முடித்தார். நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தார். நாற்காலியின் பின்னங்கால் ஒன்று அவரோடு வரவில்லை. அவர் தரையில் இருந்தபடியே கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

அலமாரியை நகர்த்திப் பார்த்தோம். ஜூன் மாதம் நான் சொருகி வைத்த வேலுத்தாயின் கட்டை இருந்தது. அதிலிருந்து மண் கோடு ஒன்று சுவரோரமாகப் போய் நாற்காலியில் ஏறியிருந்தது. சார், "இது என்ன?" என்றார். செல் சார் என்றேன். எந்த செல் என்று கேட்டார். சிவரஞ்சனி மாஸ்க்கை மேலே இழுத்துக்கொண்டது.

நான் போன் போட்டதும், மத்தியானம் எங்க வீட்டுக்காரர் பஸ் ஸ்டாப்பில் இருந்து நடந்தே ஆசாரியைக் கூட்டி வந்தார். பக்கத்தில் நின்று, அரித்த மட்டும் அறுக்கச் சொன்னார். ஆசாரி அறுத்தார். புதுக் கட்டை அரை விரல் குட்டையாகப் போய்விட்டது. சார் இப்போது இடது பக்கம் சாய்ந்து உட்கார்கிறார்.